மணியோடு வெளியேறினேன்

வீட்டை விட்டுக் கிளம்புவது என்று முடிவெடுத்த பிறகும் மூன்று வாரம் அங்கேயே இருந்தேன். மணிதான் காரணம். எட்டு வயது நாய். "நீ போனா இது உயிரோட இருக்காது" என்று கணவர் சொல்லியிருந்தார். ஏற்கெனவே அதை எட்டி உதைத்தவர் என்பதால், வெறும் மிரட்டல் என்று என்னால் விட முடியவில்லை.

முதலில் பேசிய இரண்டு பெண்கள் காப்பகங்களிலும் எனக்கு இடம் இருந்தது. நாயை யாரிடமாவது விட்டுவிட்டு வரச் சொன்னார்கள். அப்படி ஒருவர் இருந்திருந்தால் நானே அங்கே போயிருப்பேனே. மூன்றாவது இடத்தில் போனை எடுத்தவர், நான் வாய் திறக்கும் முன்பே, "கூட யார் வர்றாங்க? குழந்தை, நாய், பூனை?" என்று கேட்டார். அங்கேதான் அழுதுவிட்டேன்.

அவர் கேட்டது: ரேபிஸ் ஊசி போட்டதற்கான சான்று, கடிக்கும் பழக்கம் உண்டா, கூண்டில் இருந்து பழகியதா, நாய் யார் பெயரில் இருக்கிறது. கடைசிக் கேள்வியில்தான் மாட்டிக்கொண்டேன். தடுப்பூசி அட்டை கணவர் பெயரில் இருந்தது. நல்லவேளை, கால்நடை மருத்துவரிடம் பணம் கட்டிய ரசீதெல்லாம் என் பெயரில். அவற்றின் நகலோடு, நான்தான் எப்போதும் அழைத்து வந்தேன் என்று மருத்துவர் ஒரு கடிதமும் கொடுத்தார். என் புது விவரம் எதையும் யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று அவரிடம் கேட்டுக்கொண்டேன். இதை மறக்காதீர்கள்.

மணியின் உடம்பில் இருக்கும் அடையாளச் சிப்பை வைத்து கணவர் எங்களைக் கண்டுபிடித்துவிடுவாரோ என்று பயந்தேன். அது முடியாதாம். அதில் பேட்டரி கிடையாது. கருவியைப் பக்கத்தில் பிடித்தால் ஒரு எண்ணைக் காட்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த எண்ணுக்கு நேராகப் பதிவாகியிருந்த போன் நம்பர் அவருடையது. நாய் தொலைந்து, யாராவது சோதித்தால் தகவல் அவருக்குத்தான் போகும். முதல் வாரமே அதை மாற்றினேன். இடம் காட்டும் வில்லை இருந்த கழுத்துப் பட்டையைக் கிளம்பும்போதே கழற்றி வீட்டில் போட்டுவிட்டேன்.

காப்பகத்தில் தரைத்தளத்தில் ஓர் அறை கொடுத்தார்கள். நாய் முடி ஒத்துக்கொள்ளாதவர்கள் மேல்தளத்தில். பொது இடத்தில் எப்போதும் சங்கிலி, சமையலறைப் பக்கம் போகவே கூடாது. நாயை வைத்தே என்னை அடையாளம் கண்டுவிடலாம் என்பதால் தெருவுக்குப் போகாமல் பின்கட்டிலேயே நடத்தினேன். பக்கத்து அறை அக்காவுக்கு நாய் என்றாலே நடுக்கம். நாங்கள் வெளியே வரும் நேரத்தை எழுதிக் கதவில் ஒட்டினேன். அப்புறம் அவருக்குச் சிரமம் இல்லை.

மணி இரண்டு நாள் சாப்பிடவில்லை. கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தது. அதன் பழைய போர்வையைக் கொண்டுவந்திருந்தேன். அதை விரித்த பிறகுதான் வெளியே வந்தது.

இப்போது எங்களுக்கென்று ஒரு வீடு இருக்கிறது. வந்ததும் அந்த முதல் இரண்டு காப்பகங்களுக்கும் போன் செய்தேன். ஒரு தரைத்தள அறையையும் ஒரு கூண்டையும் ஒதுக்கினாலே போதும் என்று சொன்னேன். ஓர் இடத்தில் மட்டும், நாங்கள் இருந்த காப்பகத்தின் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.