9 மாசம் ஆர்கானிக் வெண்டை: கிடைச்சதும் கையச் சுட்டதும்

பினாங்கு ஜெலுத்தோங்ல நம்ம வீட்டுக்குப் பின்னால, லோங்காங் (சாக்கடை) ஓரமா, பத்தடிக்கு ஆறடி சிமெண்ட் தரை. அதான் என் தோட்டம். தைப்பூசத்துக்கு தண்ணிமலை போய்ட்டு வந்த வாரம் ஆரம்பிச்சது, இப்ப அக்டோபர், மழை விடாம ஊத்துது, செடிகிட்ட போக முடியல, அதான் உக்காந்து எழுதுறேன்.

பிளான் சிம்பிள். 6 தொட்டில வெண்டை, தொட்டிக்கு ரெண்டு செடி. 3 தொட்டிக்கு கடைல விக்கிற நீல உரம், 12:12:17, பாஜா பிருன்னு கேட்டா எடுத்துக் குடுப்பாங்களே அது. மத்த 3க்கு கோழி எரு, கடலைப் புண்ணாக்கு, வீட்டுக் குப்பைல செஞ்ச உரம், பூச்சிக்கு வேப்பெண்ணெய், அவ்ளோதான். விதை ஒண்ணு, மண்ணு ஒண்ணு, வெயிலும் ஒண்ணு. ஒரு கூட்டம் ஆர்கானிக்னா அமிர்தம்ங்குது, இன்னொரு கூட்டம் அதெல்லாம் காசு உள்ளவன் விளையாட்டுங்குது, நாமளே செஞ்சி பாத்துடலாம்னு தோணிச்சி.

ஆரம்பமே சொதப்பல். நிபோங் திபால் பக்கம் கோழி வளக்குற கூட்டாளி ரெண்டு மூட்டை எரு சும்மா குடுத்தான். சும்மா கிடைச்சா விடுவோமா. அம்மா பாத்துட்டு, "டேய், பச்சை எருடா அது, சூடு, வேர பொசுக்கிடும். எஸ்டேட்ல நாங்க மாசக்கணக்கா குவிச்சி ஆற விட்டுதான் போடுவோம்"னு சொன்னாங்க. நான் கேக்கல. நாலாம் நாள் இலை ஓரமெல்லாம் தீயில காட்டின பேப்பர் மாதிரி சுருண்டு போச்சி. 6 செடில 4 அவுட். மறுபடி விதை, மூணு வாரம் லேட். ஆறப் போடாத எருவுல கிருமியும் இருக்கும், அத கீரைக்குப் போட்டு பச்சையா சாப்பிட்டா வயித்துக்கு வேற ஆகாது.

அப்புறம் புண்ணாக்கு ஊற வெச்சி ஊத்த ஆரம்பிச்சேன். நாத்தம்னா நாத்தம், பக்கத்து வீட்டு சீன ஆண்ட்டி வேலி மேல எட்டிப் பாத்து "பாவு லா!"ன்னு மூக்க பொத்திக்கிட்டாங்க, அதுலர்ந்து மூடி போட்டு ரெண்டு நாளைக்கு மேல வெக்கிறதில்ல, மூடி இல்லன்னா கொசு முட்டை போட்டு டிங்கி ஆபீசர் வந்து சம்மன் குடுத்துட்டுப் போவாரு, அது வேற பயம்.

முதல் ரெண்டு மாசம் ஆர்கானிக் செடி வளருதா தூங்குதான்னே தெரியல. நீல உரம் போட்டது கரும்பச்சைல கும்முன்னு நிக்குது, இது வெளிறிப் போய் நிக்குது. ஏன்னு யோசிச்சா கணக்கு சரியாத்தான் வருது. நீல உரத்துல நைட்ரஜன் 12 சதவீதம், தண்ணி பட்டதும் கரைஞ்சி வேருக்குப் போய்டும். யூரியான்னா 46 சதவீதம். காய்ஞ்ச கோழி எருல 3 சதவீதம் கிட்டதான், அதையும் மண்ணுல இருக்கிற நுண்ணுயிர் தின்னு உடைச்சாதான் செடிக்கு சாப்பாடு. கடைல வாங்கின தொட்டி மண்ணுல அந்த வேலைக்காரங்க கம்மி, மொதல்ல அவங்க பெருகணும்.

பூச்சி கதை தனி. அசுவுணி, மாவுப்பூச்சி, இலையச் சுருட்டி உள்ள உக்காந்துக்கிற புழு. ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், பாத்திரம் கழுவுற சோப்பு நாலு சொட்டு, நல்லா குலுக்கி சாயங்காலம் அடிக்கணும், வெயில்ல அடிச்சா வேப்பெண்ணெய் சீக்கிரம் வீரியம் போய்டும். மழை பேஞ்சா திருப்பி அடி. புழுவ ராத்திரி டார்ச் வெச்சி கையால எடுத்தேன், நத்தையும்தான். ஆர்கானிக் பண்ணைனா மருந்தே அடிக்க மாட்டாங்கன்னு நெறைய பேர் நெனக்கிறாங்க, அப்படி இல்ல, செம்பு கலந்த பூஞ்சை மருந்து, பி.டி.ங்கிற பாக்டீரியா மருந்து எல்லாம் அளவோட அதுல அனுமதி உண்டு. செம்பு மண்ணுல தங்கிடும்ங்கிறதையும் சேத்து தெரிஞ்சிக்கணும்.

ஜூலைல, வீட்டுக் குப்பைய மக்க வெக்கிற டிரம்ம கிளறினேன். கட்டை விரல் தடிமன்ல வெள்ளைப் புழு, தலை மட்டும் செம்பழுப்பு, இங்கிலீஷ் 'சி' எழுத்து மாதிரி சுருண்டு கெடக்குது, மொத்தம் 14. மண்ணுக்கு நல்லது பண்ற புழுன்னு நெனச்சி போட்டோ எல்லாம் எடுத்தேன். அம்மா ஒரே பார்வைல, "அடப்பாவி, இது காண்டாமிருக வண்டோட புழு, பெருசானா தென்னங்குருத்த குடைஞ்சிடும்"னாங்க. ஆண்ட்டி வீட்ல வாசல்ல ஒரு தென்னமரம். போன மாசமே அதோட மட்டைல கத்திரியால வெட்டின மாதிரி 'வி' ஷேப்ல வெட்டு இருந்துச்சி, அத நானே பாத்திருந்தேன், பாத்துட்டு அப்பவும் ஒண்ணும் தோணல. வெக்கமா போச்சி. 14ஐயும் பொறுக்கி, டிரம் வாய்க்கு கொசு வலை கட்டி, ஆண்ட்டிகிட்ட உண்மைய சொன்னேன். கோவப்படல, ஆனா ஒரு வாரம் சரியா பேசல.

இப்ப கணக்கு. முதல் பேட்ச்ல நீல உரத் தொட்டில 112 காய், ஆர்கானிக்ல 58. ஜூலை கடைசில அதே மண்ணுல ரெண்டாவது பேட்ச் போட்டேன், இதுவரைக்கும் நீலத்துல 87, ஆர்கானிக்ல 81. இந்த மழைல நீல உரம் தொட்டி ஓட்டை வழியா லோங்காங்குக்கு ஓடுது, போட்ட ரெண்டே நாள்ல செடி திரும்ப வெளிறுது. மண்ணு மேல பாளம் கட்டிப் போச்சி, விரல் எறங்கல. ஆர்கானிக் மண்ணு கருப்பா, கையில அமுக்கினா புட்டு மாதிரி பிடிபட்டு உதிருது, மண்புழு எங்கிருந்தோ வந்திருக்கு. இதுக்காகவே திரும்பவும் செய்வேன்.

செலவு? நீல உரம் ஒரு கிலோ 7 வெள்ளிக்கு (ரிங்கிட்) வாங்கினேன், இன்னும் பாதி இருக்கு. ஆர்கானிக்குக்கு டிரம், புண்ணாக்கு, எண்ணெய் எல்லாம் சேத்து 130 வெள்ளி தாண்டிடுச்சி, தினம் அரை மணி நேரம் தனி. எனக்குப் பொழுதுபோக்கு, சம்பளம் குடுத்து ஆள் வெக்கிற விவசாயிக்கு? சூப்பர்மார்க்கெட்ல ஆர்கானிக் கீரை ஏன் அந்த விலைன்னு இப்பதான் புரியுது. விவசாய இலாகாவோட மைஓர்கானிக்ங்கிற சான்று முத்திரை இருக்கான்னு பாத்து வாங்குங்க, பாசார் மாலாம்ல (ராத்திரி சந்தை) அட்டைல ஆர்கானிக்னு எழுதி மாட்டறதுக்கு மார்க்கர் பேனா இருந்தா போதும்.

ருசி? சொன்னா சண்டைக்கு வருவாங்க. ரெண்டு சட்டில தனித்தனியா பொரியல் பண்ணி, எதுன்னு சொல்லாம அம்மாவுக்குக் குடுத்தேன். இதான் இனிப்பா இருக்குன்னு எடுத்தது நீல உரத்து வெண்டைய.

ஸ்ரீலங்கால 2021ல ரசாயன உரத்த திடீர்னு நிறுத்தினாங்களே, நெல்லு விளைச்சல் விழுந்து, அரிசி இறக்குமதி பண்ணி, அந்த வருஷம் முடியறதுக்குள்ளயே தடைய தளர்த்தினாங்க. அப்ப நியூஸ்ல பாத்தப்ப அரசியல்னு விட்டுட்டேன். அந்த ரெண்டு மாசம் வெளிறி நின்ன என் வெண்டைய பாத்தப்புறம்தான் ஒரு நாடே அப்படி நின்னா என்னாகும்னு உறைச்சிது.

அடுத்த பேட்ச் மழை குறைஞ்சதும். 6 தொட்டிலயும் ஆறின எருவும் வீட்டு உரமும் அடிமண்ணா, பூ வைக்கிற நேரத்துல மட்டும் நீல உரம் ஒரு சிட்டிகை. சுத்த ஆர்கானிக்காரங்க திட்டுவாங்க, பரவால்ல. அம்மாகிட்ட இந்த பிளான பெரிய கண்டுபிடிப்பு மாதிரி சொன்னேன். "எஸ்டேட்ல வீட்டுக்குப் பின்னால அப்படித்தான்டா போட்டோம்"னுட்டு சீரியல் பாக்கப் போய்ட்டாங்க.