பேவுல்ஃபில் தொடங்குகிறேன்
திங்கட்கிழமை என் மாணவர்களுக்குப் பிரிட்டிஷ் செவ்விலக்கிய வகுப்பு ஆரம்பம். எங்கிருந்து தொடங்குவது என்று ஒரு வாரமாக மண்டையைக் குடைந்துகொண்டிருந்தேன். இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாசரின் ‘கேன்டர்பரி கதைகள்’ என்றால் சுலபம், லண்டன் பக்கம் சவுத்வார்க்கில் ஒரு விடுதி, கேன்டர்பரிக்குப் போகும் யாத்ரீகர்கள், வழியெல்லாம் கதை, பிள்ளைகள் உடனே ஒட்டிக்கொள்வார்கள். ஆனாலும் பழைய ஆங்கில வீரகாவியமான பேவுல்ஃப்தான் முதலில். அந்தக் காவியத்துக்கு மிஞ்சியிருப்பது ஒரே ஒரு பழைய கையெழுத்துப் பிரதி. 1731இல் லண்டனில் அது இருந்த வீடு தீப்பிடித்ததில் ஓரமெல்லாம் கருகி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, எத்தனையோ எழுத்துகள் போய்விட்டன. அந்தக் கருகிய ஏட்டின் படத்தைத்தான் முதலில் காட்டப்போகிறேன். அப்புறம் பழைய ஆங்கிலத்திலேயே பத்து வரி சத்தமாக வாசிப்பேன். அர்த்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், நம் மோனை மாதிரி முதலொலி திரும்பத் திரும்ப வருவது காதில் விழட்டும். சாசர் மூன்றாவது வாரம்.