கடலூரில் புலனாய்வு பழகியது: அளவு டேப், காகித உறை, கடிகாரம்

காவல்துறையில் புலனாய்வு பழகுபவர் சட்டப் பிரிவு எண்களை மனப்பாடம் செய்துவிடலாம். பார்வை மகஜரையும் (சம்பவ இடத்தில் கண்டதைச் சாட்சிகள் முன் எழுதும் பதிவு) மாதிரி வரைபடத்தையும் (அந்த இடத்தின் படம்) பிழையில்லாமல் தயாரிக்கப் பழகுவதில்தான் நாட்கள் போகும்.

பயிற்சியை ஓர் அறைக்குள் தொடங்குவது நல்லது. நகராத இரண்டு இடங்களை, அதாவது கதவு நிலையையும் சுவர் மூலையையும் குறித்துக்கொண்டு, ஒவ்வொரு பொருளையும் இரண்டிலிருந்தும் அளக்க வேண்டும். ஓர் அளவு மட்டும் இருந்தால் பொருள் எந்தப் பக்கம் கிடந்தது என்று சொல்ல முடியாது. குறுக்கு விசாரணையில் அங்கேதான் பிடிப்பார்கள். தேவனாம்பட்டினம் கடற்கரைக்குப் போனால் இன்னும் சிரமம். மணலில் நகராதது ஏது? விளக்குக் கம்பமோ கட்டட மூலையோதான். கரையேற்றிய படகிலிருந்து அளந்தால், விடிவதற்குள் அது கடலுக்குப் போய்விடும்!

மணலில் காலடித் தடம் கிடைத்தால் முதலில் படம்தான். ஸ்கேலைப் பக்கத்தில் வைத்து, கேமராவை நேர் மேலே பிடித்து, டார்ச்சைத் தரையோடு சாய்த்து அடித்தால் பள்ளங்கள் தெரியும். பிறகு அச்சு. டென்டல் ஸ்டோன் (பல் அச்சு எடுக்கப் பயன்படும் ஜிப்சம் மாவு) 1 கிலோவுக்கு ஏறத்தாழ 400 மில்லி தண்ணீர். தடத்தின் மேல் நேராக ஊற்றினால் மணல் கலைந்துவிடும். ஓரத்தில் ஊற்றி உள்ளே வழியவிட வேண்டும். அரைமணி நேரம் தொடக்கூடாது.

ரத்தம் பட்ட துணியை ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் போடுவதுதான் பலரும் செய்யும் தவறு. இந்தக் கடலோரப் புழுக்கத்தில் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும். நிழலில் உலர்த்தி, துணி ஒவ்வொன்றையும் தனித்தனிக் காகித உறையில் வைத்து சீல் போட வேண்டும்.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவின்படி சோதனையையும் கைப்பற்றுதலையும் வீடியோ எடுக்க வேண்டும். போனில் நேரம் தவறாக இருந்தால் மகஜரில் எழுதிய நேரத்தோடு மோதும். அதனால் பதிவைத் தொடங்குமுன் கடிகாரத்தைச் சரிபார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும்.

பக்கத்திலேயே புதுச்சேரியின் பாகூர். சம்பவம் எந்த எல்லையில் என்ற கேள்வி எழும். அதே சட்டத்தின் 173ஆம் பிரிவின்படி எல்லை பாராமல் தகவலைப் பதிந்து, பிறகு உரிய நிலையத்துக்கு மாற்றலாம். 'அங்கே போங்க' என்று திருப்பியனுப்பினால் முதல் தகவல் அறிக்கை தாமதமாகும். அந்தத் தாமதத்துக்கு நீதிமன்றத்தில் விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

மகஜர் வாசகத்தில் ஒரு சொல் கவனம். ஆய்வக அறிக்கை வருமுன் 'ரத்தம்' என்று எழுதாமல், 'ரத்தம் போன்ற கறை' என்றே எழுத வேண்டும்.