சம்ப்பில் போட்ட கோடுகள்

பெங்களூருவில் ஒயிட்ஃபீல்டுக்கும் வர்த்தூருக்கும் நடுவே இருக்கும் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் 64 வீடுகள். 2023 ஜூலையில் கூடிய பொதுக்குழுவுக்கு நான் போகவில்லை. போகாதவன் தலையில் கட்டுவது எல்லாச் சங்கங்களிலும் உள்ள வழக்கம் என்பதால், திரும்பி வந்தபோது பொருளாளராகியிருந்தேன். லிஃப்ட் பராமரிப்பு, காவலாளிகள் சம்பளம், ஜெனரேட்டருக்கு டீசல் என்று சீராக ஓடிக்கொண்டிருந்த அந்தக் கணக்கேட்டில், 2024 பிப்ரவரி தொடங்கி ஜூன் வரையிலான பக்கங்களை மட்டும் ஒரே செலவு நிறைத்திருக்கிறது. அது தண்ணீர்.

எங்களிடம் இரண்டு ஆழ்துளைக் கிணறுகள் இருந்தன. பிப்ரவரி நடுவில் முதல் கிணற்றின் மோட்டார் சேறும் காற்றுமாகத் துப்ப ஆரம்பித்தது; மார்ச் முதல் வாரத்தில் இரண்டாவதும் நின்றது. குடிநீர் வாரியத்தின் காவிரிக் குழாய் இணைப்பு எங்களுக்கு இல்லை. 2007-இல் மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட 110 கிராமங்களின் எல்லைக்குள் வரும் பகுதி இது. சொத்து வரி மட்டும் அன்றிலிருந்து தவறாமல் மாநகராட்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறது.

12,000 லிட்டர் டேங்கர் லாரி ஒன்று டிசம்பரில் எங்களுக்கு 1,100 ரூபாய்க்கு வந்தது. பிப்ரவரி கடைசியில் 2,000 ஆனது. மார்ச் 7 அன்று மாவட்ட நிர்வாகம் விலைக்கு வரம்பு கட்டியது: 12,000 லிட்டருக்கு ஐந்து கிலோமீட்டருக்குள் 1,000 ரூபாய், பத்து கிலோமீட்டர் வரை 1,200 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. எங்கள் வாட்ஸ்அப் குழுவில் அந்த அறிவிப்பைக் கைதட்டி வரவேற்றார்கள். அடுத்த நான்கு நாள்கள் ஒரு லாரியும் வரவில்லை. ஐந்தாம் நாள் வந்த லாரியின் ஓட்டுநர் கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர். அவர் நீட்டிய ரசீதில் 1,200 என்றிருந்தது. "மீதி எண்ணூறு கையில குடுத்துருங்க சார். ரொப்புற எடத்துலயே ஏத்திட்டாங்க. மூணு மணி நேரம் வரிசையில நின்னுட்டு வர்றேன்" என்றார். கொடுத்தேன். கணக்கேட்டில் அந்த எண்ணூறை என்ன தலைப்பில் எழுதுவது என்று தெரியாமல் 'இதர செலவு' என்று எழுதினேன். அடுத்த மூன்று மாதங்களில் எங்கள் சங்கத்தின் மிகப் பெரிய செலவுகளில் ஒன்றாக இதர செலவு வளர்ந்தது.

லாரியின் முதுகில் எழுதியிருக்கும் 12,000 உண்மையில் எங்கள் தரையடித் தொட்டியான சம்ப்பில் விழுகிறதா என்ற சந்தேகமும் வந்தது. சம்ப் ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம்; அப்படியானால் ஐந்து சென்டிமீட்டர் உயர்ந்தால் ஆயிரம் லிட்டர். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அடியில் கணுக்காலளவு தண்ணீரே மிச்சமிருந்தபோது, ஏணி வைத்து உள்ளே இறங்கி, உட்சுவரில் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒன்றாகச் சிவப்பு பெயின்டில் கோடுகள் போட்டேன். அன்றிலிருந்து ஒவ்வொரு லாரியும் கொட்டி முடித்ததும் காவலாளி டார்ச் அடித்துக் கோடுகளை எண்ணிச் சொல்வார். பத்தரைக் கோட்டைத் தாண்டிய லாரி ஒன்றுகூட இல்லை. ஆக ஆயிரம் லிட்டருக்கு நாங்கள் கொடுத்த விலை சுமார் 190 ரூபாய். அதே நாள்களில் காவிரி இணைப்பு உள்ள ஒரு வீடு தன் முதல் எட்டாயிரம் லிட்டருக்கு, ஆயிரத்துக்கு 7 ரூபாய் வீதம் குடிநீர் வாரியத்துக்குக் கட்டிக்கொண்டிருந்தது. 2014-இல் வைத்த அந்தக் கட்டணத்தை 2025 ஏப்ரல் வரை எந்த அரசும் தொடவில்லை. ஒரே நகரத்தில் ஒரே தண்ணீருக்கு இருபத்தேழு மடங்கு விலை வித்தியாசம் இருந்தது. அதிக விலை கொடுத்தவர்கள், குழாய் நீட்டப்படாத பகுதியில் இருந்தவர்கள்.

பகலில் நான் பார்க்கும் வேலை ஒரு வங்கியின் இடர் மேலாண்மைப் பிரிவில். 2024 பிப்ரவரி 28 அன்று ரிசர்வ் வங்கி, பருவநிலை சார்ந்த நிதி இடர்களை வங்கிகள் எப்படி வெளிப்படுத்த வேண்டும் என்ற வரைவு நெறிமுறையை வெளியிட்டது. நிர்வாகம், உத்தி, இடர் மேலாண்மை, அளவீடுகளும் இலக்குகளும் என்று நான்கு தூண்களில் நிற்கும் ஆவணம். அதைப் பற்றிய கூட்டங்களில் பகலெல்லாம் உட்கார்ந்துவிட்டு, இரவு வீட்டுக்கு வந்து 'இதர செலவு' எழுதுவேன். அந்த வரைவைக் குறை சொல்லவில்லை. வங்கிகளை இதையெல்லாம் எண்ணச் சொல்லுவது நல்லதுதான். அதற்கு முந்தைய ஆண்டு ரிசர்வ் வங்கியே வெளியிட்ட அறிக்கை, கடும் வெப்பத்தாலும் ஈரப்பதத்தாலும் வேலை நேரம் இழக்கப்படுவதன் வழியாக 2030-க்குள் நாட்டின் மொத்த உற்பத்தியில் 4.5 சதவீதம் வரை ஆபத்துக்கு உள்ளாகலாம் என்று மதிப்பிட்டிருந்தது. ஆனால் எங்கள் கணக்கேட்டில் நடந்ததை அந்த வகை எண் காட்டாது. நாங்கள் வாங்கிய லாரித் தண்ணீர் நாட்டுக் கணக்கில் இழப்பாக ஏறாது. ஏறினால் ஒருவர் விற்று ஒருவர் வாங்கிய வரவாகத்தான் ஏறும். வறண்ட கிணறு எந்தப் பத்தியிலும் வராது.

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். எங்கள் கிணறுகள் வற்றக் காரணமான 2023-இன் வறட்சியை முழுவதும் பருவநிலை மாற்றத்தின் மேல் ஏற்றிவிட முடியாது. அது, பசிபிக் கடல் சூடேறி இங்கே பருவமழையைக் குறைக்கும் எல் நினோ ஆண்டு. அந்த ஆகஸ்டு, 1901 முதல் உள்ள பதிவுகளிலேயே இந்தியா முழுமைக்கும் மிகக் குறைந்த மழை பெய்த ஆகஸ்டு. எல் நினோ புதியதல்ல. வெப்பம் ஒரு டிகிரி கூடினால் காற்று சுமார் 7 சதவீதம் கூடுதலாக ஈரத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதும், அதனால் பெய்யும்போது கொட்டுகிறது, பெய்யாதபோது நிலம் முன்பைவிட வேகமாகக் காய்கிறது என்பதும்தான் இப்போது பழைய எல் நினோவோடு சேர்ந்திருப்பவை. எங்கள் வளாகத்துக்கு இது எப்படி வந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

என் சித்தப்பா மன்னார்குடிப் பக்கத்தில் மூன்று ஏக்கர் வைத்திருக்கிறார். 2023 ஜூன் 12 அன்று வழக்கமான தேதியில் மேட்டூர் திறந்ததை நம்பிக் குறுவை விதைத்தார். ஆகஸ்டில் கர்நாடகாவின் அணைகள் நிரம்பவில்லை. தண்ணீருக்காக இரண்டு மாநிலங்களும் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கும் உச்ச நீதிமன்றத்துக்கும் போயின. செப்டம்பர் 26 அன்று பெங்களூரு பந்த், 29 அன்று கர்நாடக பந்த். அந்த இரண்டு நாள்களிலும் நான் வீட்டிலிருந்து வேலை பார்த்தேன். அம்மா ஊரிலிருந்து நான்கு முறை அழைத்து, வெளியே போகாதே, தெருவில் தமிழில் பேசாதே என்றாள். 2016 செப்டம்பரில் பேருந்துகள் எரிந்ததை அவள் மறக்கவில்லை. அக்டோபர் 10 அன்று மேட்டூர் மூடப்பட்டது. சித்தப்பா பக்கத்து வயல்காரரின் பம்புசெட்டிலிருந்து மணிக்கு இவ்வளவு என்று பேசி இரண்டு முறை தண்ணீர் பாய்ச்சினார். ஒரு ஏக்கர் தேறியது, இரண்டு ஏக்கர் கருகியது. கருகிய குறுவைக்கு அரசு ஹெக்டேருக்கு 13,500 ரூபாய் நிவாரணம் அறிவித்தது. ஏக்கர் கணக்கில் அது ஐந்தாயிரத்து ஐந்நூறுக்குக் கொஞ்சம் குறைவு. "உழவு கூலிக்குக் கட்டும்பா" என்றார் சித்தப்பா.

ஆறு மாதம் கழித்து நான் லாரிக்காரரிடம் எண்ணூறு ரூபாய் எண்ணிக் கொடுத்தபோது, சித்தப்பா பம்புசெட்காரரிடம் கொடுத்ததுதான் நினைவுக்கு வந்தது. காவிரியின் மேல்முனையில் ஒருவன், கீழ்முனையில் ஒருவர். ஆறு கைவிட்டதும் இரண்டு பேரும் வேறொருவருடைய நிலத்தடியிலிருந்து விலைக்கு வாங்கினோம். இந்த நிலத்தடி நீர் நமது தீர்ப்புகளில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்பதை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன்.

2007-இல் காவிரி நடுவர் மன்றம் தன் இறுதித் தீர்ப்பில் ஆற்றின் 740 டி.எம்.சி. (ஒரு டி.எம்.சி. நூறு கோடி கன அடி) தண்ணீரைப் பங்கிட்டபோது, பெங்களூருவின் மூன்றில் ஒரு பங்குதான் காவிரிப் படுகைக்குள் இருக்கிறது என்றும், நகரத்தின் குடிநீர்த் தேவையில் பாதியை நிலத்தடி நீர் பார்த்துக்கொள்ளும் என்றும் எடுத்துக்கொண்டது. 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் அந்தக் கணக்கைத் தள்ளி, நகரத்தின் குடிநீருக்காக 4.75 டி.எம்.சி.யைக் கூட்டித் தந்தது. அதே தீர்ப்பு, தமிழ்நாட்டின் டெல்டாவில் குறைந்தது 10 டி.எம்.சி. நிலத்தடி நீர் இருப்பதைக் கணக்கில் கொண்டு, அந்த அளவையும் கர்நாடகாவின் பங்கில் சேர்த்தது. இரண்டும் சேர்ந்து 14.75, மாநில எல்லையிலுள்ள பிலிகுண்டுலுவில் தமிழ்நாட்டுக்கு வரவேண்டியது 192-லிருந்து 177.25 ஆகக் குறைந்தது. எது நியாயம் என்று வாதாட நான் வரவில்லை; பெங்களூருவில் வாழ்ந்துகொண்டு டெல்டாவில் சொந்தம் வைத்திருப்பவன் அந்த வாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும் சாப்பாட்டு மேசையில் தகராறுதான். எனக்குப் பட்டது வேறு. எந்த முனையில் இருந்தாலும் நிலத்தடி நீர் ஆற்றுக் கணக்கை நேர்செய்ய எடுத்துவைத்த கையிருப்பாகவே எழுதப்படுகிறது. அந்தக் கையிருப்பில் யார், எப்போது, எவ்வளவு திரும்பப் போட வேண்டும் என்பதற்குப் பத்தி கிடையாது.

மேலும், அந்த 177.25 ஒரு சாதாரண ஆண்டுக்கான எண். மாதாமாதம் எவ்வளவு என்று அட்டவணை இருக்கிறது. மழை குறைந்த ஆண்டில் பற்றாக்குறையை விகிதப்படி பகிர வேண்டும் என்பது கொள்கை. ஆனால் எந்த மாதத்தில், எந்த அணையின் எந்த இருப்பை வைத்து, எந்த விகிதம் என்று இரு மாநிலங்களும் ஏற்ற சூத்திரம் இல்லை. எனவே கெட்ட ஆண்டு வரும்போதெல்லாம் பதினைந்து நாளைக்கு வினாடிக்கு 5,000 கன அடி என்று ஆணையம் சொல்வதும், அதை எதிர்த்துத் தெருவில் இறங்குவதும் நடக்கிறது. கெட்ட ஆண்டுகள் அடிக்கடி வரப்போகின்றன என்று வானிலை அறிவியல் சொல்லும் காலத்தில், நல்ல ஆண்டுக்கு மட்டும் தெளிவான விதி வைத்திருக்கிறோம்.

நிவாரணத்தின் கதையும் இதே மாதிரிதான். கர்நாடகாவில் 223 தாலுகாக்கள் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. மாநில அரசு ஒன்றிய அரசிடம் கேட்டது 18,171 கோடி ரூபாய். பதில் வராமல் 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் போனது. ஏப்ரல் கடைசியில் கிடைத்தது சுமார் 3,454 கோடி. கருகிய பயிர் அதற்குள் உழுது மடிக்கப்பட்டிருந்தது.

நகரம் செய்ததைச் சொல்ல அதிகம் இல்லை. குடிநீரில் கார் கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்ற அறிவிப்பை, குடிநீரே வராத எங்கள் வளாகத்தின் பலகையிலும் ஒட்டினோம். குழாய்களில், காற்றைக் கலந்து தண்ணீர்ச் செலவைக் குறைக்கும் ஏரேட்டர் மாட்டச் சொன்னார்கள். அது உண்மையிலேயே பயன்பட்டது. மழைநீர் சேகரிப்பு 2009 முதல் சட்டம். அமைக்காதவர்களுக்கு வாரியத்தின் மாதக் கட்டணத்தோடு சேர்த்துக் கூடுதல் வசூல். வாரியத்தின் இணைப்பே இல்லாதவருக்கு எந்தக் கட்டணத்தோடு சேர்ப்பது?

நகரத்தின் பெரிய பதில் காவிரி ஐந்தாம் கட்டம். 2024 அக்டோபர் 16 அன்று தொடங்கப்பட்ட அந்தத் திட்டம் நாளொன்றுக்கு 77.5 கோடி லிட்டரை, முதன்மையாக எங்கள் 110 கிராமப் பகுதிகளுக்காக, சுமார் நூறு கிலோமீட்டர் தூரத்திலிருந்து 500 மீட்டருக்கும் மேல் ஏற்றிக் கொண்டுவருகிறது. பெரிய பொறியியல் வேலை, மறுக்கவில்லை. ஆனால் 2022 செப்டம்பரில் என்ன நடந்தது என்பதும் நினைவிருக்க வேண்டும். அவுட்டர் ரிங் ரோட்டில் ஐ.டி. ஊழியர்களை டிராக்டரில் ஏற்றிச் சென்ற அதே மழை, மண்டியா மாவட்டத்தின் டி.கே. ஹள்ளி நீரேற்று நிலையத்துக்குள்ளும் புகுந்தது. வெள்ளத்தில் மிதந்த நகரத்துக்குக் குடிநீர் நின்றுபோனது. எல்லாத் தண்ணீரையும் ஒரே ஆற்றிலிருந்து, ஒரே பாதையில் ஏற்றும் ஏற்பாட்டில் இப்படி ஓர் இடம் எப்போதும் இருக்கும்.

எங்கள் வறட்சி முடிந்த விதம் இது. 2024 ஜூன் 2 அன்று பெங்களூருவில் 111 மில்லிமீட்டர் மழை. ஜூன் மாதத்தில் ஒரே நாளில் அவ்வளவு பெய்து 133 ஆண்டுகளில் பார்த்ததில்லை. கீழ்த்தளத்தில் நின்றிருந்த ஒன்பது கார்களின் சக்கரங்கள் பாதி முழுகின. காலை முழுவதும் வாடகை மோட்டார் வைத்து அந்தத் தண்ணீரைச் சாலையோரச் சாக்கடைக்கு இறைத்தோம். பதினோரு மணிக்கு, முன்பே சொல்லிவைத்த டேங்கர் லாரி வந்து வாசலில் நின்றது. மோட்டார் வாடகையும் லாரி விலையும் கணக்கேட்டில் அடுத்தடுத்த வரிகளில் இருக்கின்றன. ஜூலை 28 அன்று மேட்டூர் திறந்தது. மாதக் கடைசியில் அணை 120 அடியைத் தொட்டது. சித்தப்பா அழைத்து, "இப்ப போதும் போதும்ங்கற அளவுக்கு வருதுப்பா, நாத்துதான் இல்ல" என்றார்.

ஏப்ரலில் பதற்றம் உச்சத்தில் இருந்தபோது, வீட்டுக்கு மாதம் 500 ரூபாய் வீதம் 'தண்ணீர் நிதி' என்று ஒன்றைத் தொடங்கியிருந்தோம். அக்டோபர் வரை ஏழு மாதங்களில் 2,24,000 ரூபாய் சேர்ந்தது. மாடி மழைநீரை நிலத்தடிக்குள் விட இரண்டு செறிவூட்டுக் கிணறுகள் தோண்ட 1,80,000 ரூபாய்க்கு விலைப்புள்ளி வாங்கி வைத்திருந்தேன். நவம்பர் பொதுக்குழுவில் அதைப் படித்ததும், ஏ பிளாக் பெரியவர் ஒருவர் எழுந்து, காவிரிதான் வந்துவிட்டதே, கட்டடத்துக்கு வெள்ளையடித்து ஆறு வருஷம் ஆகிறது என்றார். அந்த நிதியை பெயின்டுக்கு மாற்ற 31 வீடுகள் கை தூக்கின, கிணற்றுக்கு 14. காவிரி இணைப்புக்கு விண்ணப்பம் மட்டும்தான் அதுவரை போயிருந்தது என்பதை நான் சொல்லத்தான் செய்தேன்.

ஜனவரியில் வேலை தொடங்கியது. வெளிச்சுவர் முடிந்து சம்ப் அறைக்கு வந்த பெயின்டர், உள்ளே எட்டிப் பார்த்து, அந்தச் சிவப்புக் கோடுகளைச் சுரண்டிவிட்டு ஒரு பூச்சுப் பூசட்டுமா என்று கேட்டார். அதை மட்டும் விட்டுவிடச் சொன்னேன்.