சோமோசியெர்ரா குதிரைவீரன்: ஒரு பெயின்டிங் நாட்குறிப்பு

செப்டம்பர் 6

54 மி.மீ. உலோகச் சிலை. நெப்போலியனின் மெய்க்காவல் படையான இம்பீரியல் கார்டில் இருந்த போலந்து இலகு குதிரைப்படை வீரன். ஆள் தனி, குதிரை தனி; கூடவே சிறு கொடி கட்டிய ஈட்டி. பெட்டி மேல் 'சோமோசியெர்ரா, 1808' என்று அச்சிட்டிருக்கிறார்கள். சிக்கல் அங்கேதான். ஸ்பெயினின் சோமோசியெர்ரா மலைக்கணவாயில் போர் நடந்த 1808 நவம்பர் 30 அன்று இந்தப் படையிடம் ஈட்டியே கிடையாது. வளைந்த வாளை உருவிக்கொண்டுதான் ஏறினார்கள். ஈட்டி கைக்கு வந்தது 1809இல், வாக்ராம் போருக்குப் பிறகு. அதனால் ஈட்டி பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும். உதிரி டப்பாவில் தேடி ஒரு வாளை எடுத்து வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 7

உலோகம் வார்த்த அச்சின் கோடுகளை அரம் போட்டுத் தேய்த்தேன். சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைத்தாயிற்று. காற்றில் ஈரம் அதிகம், பிரைமர் (அடிப்பூச்சு) ஸ்ப்ரே இன்று வேண்டாம்.

செப்டம்பர் 13

பிரைமர் நன்றாகப் பிடித்திருக்கிறது. மேலங்கிக்கும் கால்சட்டைக்கும் அடர்நீலம். வெளிச்சம் படும் மேடுகளுக்கு நீலத்தோடு வெள்ளை கலந்தால் பள்ளிச் சீருடை நிறம் வந்துவிடும். கொஞ்சம் தோல்நிறம் கலந்தால் கம்பளித்துணி போலவே தெரிகிறது.

செப்டம்பர் 14

இன்று முழுக்கக் கிரிம்சன். காலர், மார்புப் பட்டி, மணிக்கட்டு, கால்சட்டையின் பக்கப்பட்டை, சாப்கா என்ற தொப்பியின் மேல்பாகம் எல்லாமே அந்த நிறம்தான். ரத்தச் சிவப்பும் இல்லை, ரோஜா நிறமும் இல்லை. நீலம் லேசாக எட்டிப் பார்க்கும் சிவப்பு. ஒரு காலத்தில் போலந்தில் செடி வேரில் ஒட்டியிருக்கும் ஒரு பூச்சியை ஜூன் மாதக் கடைசியில் தோண்டியெடுத்து இதற்குச் சாயம் காய்ச்சினார்கள். மெக்சிகோவிலிருந்து கொச்சினீல் என்ற இன்னொரு பூச்சிச் சாயம் வந்ததும் அந்தத் தொழில் படுத்துவிட்டது.

நிழலுக்கு ஒரு துளி கரும்பச்சை. மேட்டுக்கு ஆரஞ்சு; அதற்குப் பதில் வெள்ளை கலந்தால் பிங்க் ஆகிவிடும்.

மாதிரிக்கு வார்சா ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கும் யான் கோஜெதுல்ஸ்கியின் மேலங்கிப் படத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். சோமோசியெர்ராவில் தாக்குதலை வழிநடத்தியவர் அவர். ஆனால் இது 1812 அக்டோபரில், ரஷ்யாவில், கோசாக்குகள் என்ற ரஷ்யக் குதிரைவீரர்கள் நெப்போலியனை நெருங்கியபோது அவர் போட்டிருந்தது. ஈட்டி குத்திய ஓட்டை அப்படியே இருக்கிறது. நிறத்துக்கு மட்டும் அதை நம்ப முடியாது: இருநூறு வருடம் வெளுத்த துணி, அதற்கு மேல் போட்டோ விளக்கு.

செப்டம்பர் 20

சாப்கா. நான்கு மூலை மேல்தட்டு, முன்னால் சூரியக் கதிர் போன்ற பித்தளைத் தகடு, நடுவில் கிரீடத்தோடு நெப்போலியனின் 'N' எழுத்து. படையெடுப்பின்போது இதன்மேல் கறுப்பு எண்ணெய்த்துணி உறை போடுவது வழக்கம். கறாராகப் பார்த்தால் நானும் உறைதான் போட வேண்டும். போடவில்லை. அவ்வளவு பாடுபட்டுக் கலந்த கிரிம்சனைக் கறுப்பால் மூட மனசு வரவில்லை. ஈட்டியில் வரலாறு, தொப்பியில் அழகு; யாராவது கேட்டால் இதுதான் பதில்.

செப்டம்பர் 27

குதிரை. முதலில் ஆரஞ்சு கலந்த காவி அக்ரிலிக். காய்ந்ததும் மேலே அடர்பழுப்பு ஆயில் பெயின்ட் பூசி, ஸ்பாஞ்சால் ஒற்றியெடுத்தால் தசைமேடுகளில் அடிநிறம் எட்டிப் பார்க்கும். ஆயில் மெதுவாகத்தான் காயும், அதுவரை தொடக்கூடாது.

இந்த இடைவெளியில் சிலை நிற்கும் அடித்தளத்தைப் பற்றி யோசித்தேன். கணவாய்ச் சாலை குறுகல், நாலு நாலு பேராகத்தான் போக முடியும். மேலே அடுக்கடுக்காக 16 ஸ்பானியப் பீரங்கிகள். காலையில் மூடுபனி வேறு. முதல் அடுக்கைத் தாண்டியதுமே கோஜெதுல்ஸ்கியின் குதிரை விழுந்தது; மற்ற அதிகாரிகள் பொறுப்பேற்று, ஒவ்வொருவராகச் சாய்ந்தார்கள். சில நிமிடங்களில் கணவாய் திறந்தது. டிசம்பர் 4 அன்று மாட்ரிட் பணிந்தது. அதனால் பச்சைப்புல் கிடையாது: மேட்டுச்சாலை, சக்கரத்தடம், காய்ந்த புல், கற்கள்.

அக்டோபர் 4

பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் முடிந்தது. பித்தளையும் வாளும் அதற்கப்புறம்தான், இல்லாவிட்டால் உலோகப் பளபளப்பு செத்துவிடும். பொத்தான்களுக்குக் கீழே முதலில் கறுப்புப் புள்ளி, அதன்மேல் உலோகநிறம். குதிரையின் கண்ணில் ஒரு சொட்டு பளபளக்கும் கிளாஸ் வார்னிஷ். கண்ணை மேட்டாகவே விட்டால் பழைய மீன் மாதிரி முழிக்கும்.