இங்லிஸ்: ஐந்து எலிவேட்டர் ஊர்

கனடாவின் மனிடோபா மாகாணத்தில், மேற்கு ஓரத்துச் சிற்றூர் இங்லிஸ். 1922-ல் கனடியன் பசிபிக் ரயில் கம்பெனியின் கிளைப் பாதை வந்தது. 1941-க்குள் பாதையோரம் ஐந்து மரத் தானிய எலிவேட்டர்கள், அதாவது தானியத்தை மேலே ஏற்றிச் சேமித்து ரயிலில் நிரப்பும் உயரமான கட்டடங்கள், வரிசையாக எழுந்துவிட்டன. அந்தப் புல்வெளிச் சீமையில் இத்தகைய ஊர்கள் ஏறக்குறைய 7 முதல் 10 மைலுக்கு ஒன்று இருந்தன. எல்லாம் குதிரையின் கணக்கு: கோதுமை வண்டி காலையில் கிளம்பி, சரக்கை இறக்கி, இருட்டுமுன் வீடு திரும்ப வேண்டும்.

எலிவேட்டர் வேலை செய்யும் விதம் எளிது. வண்டி சரிவில் ஏறி எடைமேடையில் நிற்கும். எடை போட்டபின் தானியத்தைக் கம்பிச் சட்டத்தின் வழியே கீழ்க்குழியில் கொட்டி, காலி வண்டியை மறுபடி நிறுப்பார்கள். முடிவில்லாமல் சுற்றும் பட்டையில் வரிசையாகப் பொருத்திய குவளைகள் தானியத்தை உச்சிக்கு அள்ளிச் செல்ல, அங்கே திருப்பும் குழாய் எந்தக் குதிருக்கு வேண்டுமோ அதில் விடும். ரயில் பெட்டிக்குள் குழாய் வழியே இறங்குவதைப் புவியீர்ப்பே பார்த்துக்கொள்ளும். குழியில் அளவுக்கு மீறிக் கொட்டினால் பட்டை அடைத்து நின்றுவிடும்; பிறகு மண்வாரியால் அள்ளித்தான் ஆக வேண்டும்.

சுவரில்தான் தச்சனின் கெட்டிக்காரத்தனம். பலகைகளைப் படுக்கவைத்து ஒன்றின்மேல் ஒன்றாக ஆணியடித்து அடுக்குவார்கள். தானியத்தின் அழுத்தம் அடியில் அதிகம் என்பதால் கீழே அகலப் பலகை, மேலே போகப் போகக் குறுகலானது. பெரிய எதிரி தீ. தூசு படிந்த இடத்தில் சூடேறிய ஒரு பேரிங் போதும். அதனால்தான் இன்ஜின், அலுவலகக் கொட்டகையில் தனியே இருந்தது.

சின்ன ஊருக்கு ஐந்து எதற்கு? போட்டிக் கம்பெனிகள் தனித்தனியே கட்டியவை. எடை, தரம், கழிவு (தூசு, களைவிதைக்காகக் கழிக்கும் அளவு) மூன்றையும் கம்பெனியின் ஏஜென்ட் சொல்வதை வைத்துத்தான் விலை. சந்தேகம் வந்த விவசாயி பக்கத்துக் கதவைத் தட்டலாம். அந்தச் சந்தேகம் முற்றித்தான் விவசாயிகளே சொந்தக் கம்பெனிகள் தொடங்கினார்கள். 1917-ல் அவற்றில் இரண்டு ஒன்றிணைந்து யுனைடெட் கிரெயின் குரோவர்ஸ் ஆனது. இங்லிஸ் வரிசையில் அதற்கும் ஓர் எலிவேட்டர் உண்டு.

தானியத்துக்கு 1897-ல் தொடங்கிய சலுகை ரயில் கட்டணம் 1995-ல் முடிந்தது. லாரியும், நூறு பெட்டிகளை ஒரே மூச்சில் நிரப்பும் கான்கிரீட் நிலையங்களும் கிளைப் பாதைகளை வீணாக்கின. பயன்படாத கட்டடத்துக்கு வரியும் காப்பீடும் கட்டுவானேன் என்று கம்பெனிகள் இடித்துத் தள்ளின. ஊராட்சிக்கு வரி வருமானமும் போனது. இங்லிஸ் வரிசை மட்டும் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டதால் முழுசாக மிஞ்சியது.