நாலாயிரம் ரூபாய்க்கு எந்த ஆபீஸ்?

அக்காவுக்கு வந்த வாட்ஸ்அப் செய்தியில் இரண்டு விஷயம்தான் சரி. மிஷன் வாத்சல்யா என்ற அரசுத் திட்டத்தில் அப்பா இறந்துபோன பிள்ளைகளுக்கு மாதம் நாலாயிரம் ரூபாய் உண்டு, பதினெட்டு வயது வரைக்கும் கிடைக்கும். இந்த இரண்டும் உண்மை. 2020 மார்ச்சுக்குப் பிறகு இறந்திருக்கணும், கோர்ட்டில் போய் ஃபாரம் வாங்கணும், கடைசித் தேதி நெருங்குது என்றதெல்லாம் யாரோ ஒட்டிவிட்டது. அந்த மார்ச் தேதி பி.எம். கேர்ஸ் குழந்தைகள் திட்டத்திலிருந்து வந்திருக்கும் என்பது என் ஊகம். கொரோனா காலத்தில் தாய் தகப்பன் இரண்டு பேரையும் இழந்தவர்களுக்கான திட்டம் அது. அக்காவின் கணவர், எங்கள் மாமா, போனது மஞ்சள் காமாலையில்.

அக்கா என் பெரியம்மா மகள். குடியாத்தத்தை ஒட்டிய கிராமத்தில் பீடி சுற்றிப் பிழைக்கிறார். பையன் பத்தாவது முடித்துவிட்டான், பெண் ஏழாவது. "யார்கிட்ட போய் கேக்கறதுன்னே தெர்லடா, எங்க கீது அந்த ஆபீசு?" என்று அவர் கேட்டதில்தான் இந்தத் தேடல் ஆரம்பித்தது. இதே நிலைமையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று எழுதுகிறேன்.

தகவலுக்குப் பஞ்சமில்லை, எல்லாம் இணையத்தில் கிடக்கிறது. ஆனால் பாதி பழைய பெயரில், பழைய எல்லையில் கிடக்கிறது. 2009-10 வாக்கில் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம்தான் பிறகு மிஷன் வாத்சல்யா ஆனது. பழைய பெயரில் தேடினால் உதவித்தொகை இரண்டாயிரம் என்று வரும், இப்போது நாலாயிரம். மாநிலத்தில் சமூகப் பாதுகாப்புத் துறை என்று இருந்ததும் இன்று குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறை. எந்தக் காகிதத்தைப் படித்தாலும் முதலில் அது எந்த வருஷத்துக் காகிதம் என்று பார்த்துவிடுங்கள்.

எல்லைக் குழப்பம் அதைவிட மோசம். 2019 நவம்பரில் வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது நமக்குத் தெரியும், இணையத்தில் கிடக்கும் பி.டி.எஃப்.களுக்குத் தெரியாது. அரக்கோணம், வாலாஜா, ஆம்பூர், வாணியம்பாடி எல்லாவற்றையும் வேலூர் என்றே போட்ட போன் பட்டியல்கள் இன்னமும் சுற்றுகின்றன. எங்கள் தெருப் பெரியவர் ஒருத்தர் இப்போதும் வட ஆற்காடு ஜில்லா என்றுதான் சொல்வார், அவரை விட்டுவிடலாம். ஆனால் பிள்ளை எந்த மாவட்டத்தில் வசிக்கிறதோ அந்த மாவட்டம்தான் கணக்கு. குடியாத்தம், பேரணாம்பட்டு, கே.வி.குப்பம், காட்பாடி, அணைக்கட்டு எல்லாம் வேலூரிலேயே இருப்பதால் எங்களுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

நான் முதலில் கூப்பிட்டது 1098. குழந்தையை யாராவது அடித்தால், கடத்தினால், கல்யாணம் செய்துவைத்தால் கூப்பிடுகிற நம்பர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உதவித் திட்டங்களைப் பற்றியும் கேட்கலாம். மாவட்டம், பிள்ளைகளின் வயது, யாரோடு இருக்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு, மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகைப் பார்க்கச் சொன்னார்கள். நாலாயிரம் ரூபாய்க்கு உரிய ஆபீஸ் அதுதான். எங்கே என்று தெரியாவிட்டால் சத்துவாச்சாரியில் கலெக்டர் ஆபீஸுக்குப் போய்க் கேட்டால் காட்டுவார்கள். திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாள் என்பதால் கூட்டம் நெரியும். மனு கொடுக்கத்தான் திங்கள் நல்லது. உட்கார்ந்து விளக்கம் கேட்க வேறு நாள் போங்கள்.

அந்த அலகில் தெளிவாகவே சொன்னார்கள். கணவனை இழந்த தாயோடு வளரும் பிள்ளைகளுக்கு, உறவினர் வீட்டில் வளரும் அநாதைப் பிள்ளைகளுக்கு, பெற்றோர் தீராத நோயில் இருந்தால் அவர்கள் பிள்ளைகளுக்கு இந்த நிதி ஆதரவு உண்டு. குடும்ப வருமானம் கிராமத்தில் ஆண்டுக்கு 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. இறப்புச் சான்று, வருமானச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பள்ளியில் படிக்கும் சான்று, பிள்ளை பெயர் சேர்ந்த வங்கிக் கணக்கு வேண்டும். கலெக்டர் தலைமையிலான குழு ஒப்புதல் தர வேண்டும். நிதி இருப்பதைப் பொறுத்துத்தான் எத்தனை பேருக்கு என்பதும்.

72,000 என்றால் மாதம் ஆறாயிரம். ஒரு குடும்பமே ஆறாயிரத்தில் ஓட வேண்டும் என்று எந்தக் காலத்து விலைவாசியை வைத்து முடிவு செய்தார்களோ. பையன் ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போகப் பிடிவாதம் பிடித்துக்கொண்டிருந்த நேரம் அது. அவன் சம்பளம் சேர்ந்தால் வருமானம் வரம்பைத் தாண்டும், தங்கைக்கும் கிடைக்காது. படிப்பை விட்டவனுக்கு எப்படியும் கிடையாது. இதை உட்கார வைத்து அவனிடமே கணக்குப் போட்டுக் காட்டினேன். அரசு ஐ.டி.ஐ.யில் சேர்ந்தால் மாதம் 750 ரூபாயும் சைக்கிளும் உண்டு என்பதையும் சொன்னேன். எது வேலை செய்ததோ தெரியாது, ஃபிட்டருக்கு விண்ணப்பம் போட்டான்.

நடுவில் ஒருவர் 'அன்புக் கரங்கள்' திட்டத்துக்கு எழுதிப் போடச் சொன்னார், ஐந்நூறு கொடுத்தால் தானே எழுதித் தருவாராம். 2025 செப்டம்பரில் மாநில அரசு தொடங்கியது அது, மாதம் இரண்டாயிரம். ஆனால் இரண்டு பெற்றோரையும் இழந்தவர்களுக்கு, அல்லது ஒருவர் இறந்து மற்றவர் உடல், மனக் குறைபாடு, சிறை போன்ற காரணங்களால் கவனிக்க முடியாமல் போனவர்களுக்குத்தான். அக்கா திடமாக இருக்கிறார், பொருந்தாது. ஐந்நூறு மிச்சம்.

வருமானச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் பதிவு செய்துவிட்டு வி.ஏ.ஓ.வையும் நேரில் பார்த்துச் சொல்லிவிடுவது நல்லது. பீடிக்கூலிக்கு ரசீது ஏது? நேரில் விசாரித்தால்தான் அவருக்கும் எழுத வரும்.

காகிதங்களைவிடக் கடினமாக இருந்தது அக்காவின் பயம். பிள்ளைகளின் பராமரிப்பு, பாதுகாப்பு பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு என்ற பெயரைக் கேட்டதுமே, "பசங்கள கூட்டும்போயி ஹோம்ல போட்ருவாங்களாமே" என்றார். பக்கத்து வீட்டில் யாரோ சொல்லிவிட்டார்கள். மனுவையே திருப்பி வாங்கிவிடலாம் என்கிற அளவுக்குப் போய்விட்டார். வீட்டு விசாரணைக்கு வரப்போகிறார்கள் என்றதும் வீட்டுக்கு வெள்ளையடிக்கக் கடன் கேட்டார். நான் தடுத்தேன், பெரியம்மா தடுக்கவில்லை.

வந்தவர் ஒரு இளம்பெண். சமூகப் பணியாளர். திண்ணையிலேயே உட்கார்ந்தார், முறத்தில் இருந்த பீடி இலையைப் பார்த்து ஒரு நாளைக்கு எத்தனை சுற்றுவீர்கள் என்று கேட்டார். பெண்ணைத் தனியாகக் கூப்பிட்டுப் பள்ளிக்கூடம், சாப்பாடு, வீட்டில் யாராவது திட்டுவார்களா என்றெல்லாம் பேசினார். அக்கா அடக்க முடியாமல் ஹோம் பற்றிக் கேட்டே விட்டார். "வறுமைக்காகப் பிள்ளைய வீட்ட விட்டுப் பிரிக்கக் கூடாதுன்னுதான்மா இந்தப் பணமே" என்றார் அந்தப் பெண். அப்படித்தான் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டமும் சொல்கிறது. ஹோமில் சேர்ப்பது கடைசி வழி, முதல் வழி குடும்பம். இதை நான் பல நாளாகச் சொல்லியும் அக்கா நம்பவில்லை, அவர் ஒரு தடவை சொன்னதும் நம்பிவிட்டார்.

அவர் போகும்போது இன்னொன்றும் சொல்லிப் போனார். பீடித் தொழிலாளர் அடையாள அட்டை இருந்தால் பிள்ளைகளுக்கு மத்திய தொழிலாளர், வேலைவாய்ப்பு அமைச்சகத்தின் கல்வி உதவித்தொகை தனியாக உண்டு, தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அக்காவிடம் அட்டை இருக்கிறது, ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் என்று நினைத்து டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தார்.

எங்கள் கோப்பு ஒப்புதலுக்குப் போயிருக்கிறது. கிடைத்தாலும் நிரந்தரமில்லை, மறுஆய்வு உண்டு, பள்ளிக்குப் போவது நின்றால் பணமும் நிற்கும். இதற்குள் அக்காவின் நாத்தனார் ஆம்பூரிலிருந்து போன் செய்து அதே ஆபீஸ் விலாசம் கேட்டார். அவருக்கு வேலூர் ஆகாது, திருப்பத்தூர்தான். ஆம்பூர் நகராட்சி என்பதால் வருமான வரம்பு 96,000. வருமானச் சான்றை முதலில் வாங்கி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.